ஒன்றில் வல்லவரும் பலவும் வல்லவரும்

கூடைப்பந்தாட்டத்தில் ஈடுபாடு கொண்ட மாணாக்கர் இருவர் ஓரிடத்திற் கூடினால் வெகுவிரைவில் ஒரு வழக்குத் தொடங்கிவிடும். இவ்வாட்டத்தை ஆடியவர் அனைவருள்ளும் பெரியவர் யார் என்பதே அவ்வழக்கு. ஒருவர் புள்ளிக் கணக்கைக் காட்டுவார். மற்றவர் வென்ற கிண்ணங்களை எண்ணுவார். நடுவராக இருந்து தீர்ப்புக் கூறும்படி நம்மை அழைப்பாரும் உளர். அத்தகைய வேளைகளில் நாம் தீர்ப்புக் கூறாது ஒரு வினாவையே மறுமொழியாகக் கொடுப்பது வழக்கம். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளிகள் பெற்றார். அப்பருவம் முழுவதிலும் ஆட்டமொன்றுக்குச் சராசரி ஐம்பது புள்ளிகளுக்கு மேற் பெற்றார். இவ்விரு சாதனைகளையும் இன்றுவரை எவரும் எட்டவில்லை. அப்படியிருந்தும் அப்பருவத்தின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரர் என்னும் விருது வேறொருவருக்கே சென்றது. அது ஏன்?

நூறு புள்ளி பெற்றவர் வில்ற் சேம்பர்லேன். பிலடெல்பியா நகரிலே 1936இற் பிறந்தவர். உயரம் ஏழடி ஓரங்குலம். உயரத்துக்கேற்ற உடல் வலிமையும், பெருத்த உடம்பினரிடம் காண்டற்கரிய வேகமும் அவரிடம் ஒருங்கே இருந்தன. 1962 மார்ச் 2ஆந் திகதி இரவு, சொக்கிளேற்றுக்குப் பெயர்போன ஹேர்ஷி என்னும் சிற்றூரிலே, அவருடைய பிலடெல்பியா வொரியர்ஸ் கழகம் நியூ யோர்க் நிக்ஸ் கழகத்தை எதிர்த்து ஆடியது. பார்க்க வந்தவர் தொகை 4,124 மாத்திரமே. முற்பாதி முடிவில் அவர் கணக்கு 41. மூன்றாங் காற்பகுதி முடிவில் 69. அதன்பின் நடந்ததைக் கூடைப்பந்தாட்டம் என்று கூறவே நமக்கு நாக் கூசுகின்றது. நூறு பெற விடலாகாது என்று நியூ யோர்க் வீரர் பந்தை வைத்துக்கொண்டு காலங் கடத்தினர். சேம்பர்லேனின் கைக்குப் பந்து போகாவண்ணம் அவருடைய சகாக்கள்மீது வேண்டுமென்றே தவறிழைத்தனர். பிலடெல்பியா வீரரோ பந்தை விரைவில் மீட்டுக்கொள்ளும் பொருட்டு எதிரிமீது தாமும் வேண்டுமென்றே தவறிழைத்தனர். யார் வெல்வார் என்ற கவலை இரு பக்கத்தாருக்கும் இல்லை. ஒரு மனிதரின் கணக்கு மட்டுமே எஞ்சி நின்றது. கூடையை நோக்கி 63 தடவை எறிந்து 36 தடவை வெற்றி கண்டார் சேம்பர்லேன். தண்ட எறிவில் என்றுமே வல்லவரல்லாத அவர் அன்றிரவு 32இல் 28ஐக் கூடையிலிட்டார். வொரியர்ஸ் 169, நிக்ஸ் 147. ஆட்டம் முடிந்தபின், ‘100’ என்று எழுதிய கடதாசித் துண்டொன்றைக் கையிற் பிடித்தவாறு அவர் அமர்ந்திருக்கும் புகைப்படத்தைக் கண்டவர் பலர். ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்டவர் எவருமிலர், அது ஒளிபரப்பப்படவேயில்லை.

அப்பருவத்தில் 80 ஆட்டங்களில் அவர் திரட்டிய புள்ளிகள் 4,029, சராசரி 50.4. கூடையில் விழாது வளையத்திலோ பலகையிலோ பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதை மீள்பந்து என்போம். அதிலும் ஆட்டமொன்றுக்குச் சராசரி 25.7. ஓர் ஆட்டத்தின் முழு நேரம் 48 நிமிடம். அவர் களத்தில் நின்ற சராசரி நேரமோ 48.5 நிமிடம்! சமநிலை நீங்கும்பொருட்டு நீடிக்கப்பட்ட ஆட்டங்களே இந்த அரை நிமிட மிகுதிக்குக் காரணம். களத்தை விட்டு அவர் வெளியே அமர்ந்ததே இல்லை எனலாம்.

அதே பருவத்தில் சின்சினாற்றி றோயல்ஸ் கழகத்தில் ஒஸ்கார் றொபேட்சன் என்னும் இளைஞர் ஆடினார். ஆறடி ஐந்தங்குல உயரமே கொண்ட அவர், புள்ளியில் 30.8, மீள்பந்தில் 12.5, உதவியில் 11.4 என்று சராசரி காட்டினார். சகா ஒருவர் உடனே புள்ளி பெறத்தக்கவாறு பந்தைக் கொடுப்பதையே உதவி என்பர். மூன்று துறைகளிலும் பருவம் முழுவதும் சராசரி பத்தைத் தாண்டிய முதல்வர் அவரே. அடுத்த ஒருவர் அதைச் செய்ய 2017ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விருது பெற்றவர் இவருமல்லர். பொஸ்டன் செல்ற்றிக்ஸ் கழகத்தின் நடு ஆட்டக்காரர் பில் றசல் அதனைப் பெற்றார். அப்பருவத்தில் அவர் பெற்ற சராசரிப் புள்ளி 18.9. தம் ஆட்ட வாழ்வின் பதின்மூன்று பருவங்களில் ஒன்றிலேனும் அவர் சராசரி இருபதை எட்டியதில்லை.

இதில் மாணாக்கர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அக்காலத்தில் அவ்விருதுக்கு வாக்களித்தவர் ஆட்டக்காரர்களே. ஆண்டின் சிறந்த ஐவர் அணியைத் தெரிந்தவரோ பத்திரிகையாளரும் ஒலிபரப்பாளரும் ஆவர். பத்திரிகையாளர் தெரிந்த முதல் அணியின் நடு ஆட்டக்காரர் சேம்பர்லேன். றசலுக்கு இரண்டாம் அணியிலேயே இடம். மேடையோரத்தில் இருந்து பார்த்தவர் ஒருவரைத் தெரிந்தனர். களத்தில் இருவரோடும் உடலுரச ஆடியவர் மற்றவரைத் தெரிந்தனர். சேம்பர்லேனின் தோளால் இடியுண்டு நிலத்தில் விழுந்தவர்களே றசலுக்கு வாக்களித்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பாயிருக்கின்றது.

றசல் களத்திற் செய்தது யாது? முதலாவது, தடுத்தல். எதிரி எறியும் பந்தை உயர எழுந்து தடுக்கும் நடு ஆட்டக்காரர் பலர் உளர். அவர்கள் பந்தை ஓங்கியறைந்து பார்வையாளர் நடுவே வீழ்த்துவர். கூட்டம் ஆரவாரிக்கும், ஆனாற் பந்து மீண்டும் எதிரிக்கே உரியதாகும். றசல் பந்தைத் தட்டுவது மெல்லெனவிருக்கும். களத்துக்குள்ளேயே சகா ஒருவர் கைக்கு அது போய்ச்சேரும். மறுகணம் பொஸ்டன் வீரர் எதிர்க்கூடையை நோக்கி ஓடிக்கொண்டிருப்பர். ஒரே செயலில் எதிரியின் புள்ளியைக் கெடுத்துத் தம்மவர் புள்ளிக்கும் வித்திட்டுவிடுவார். மீள்பந்தைப் பற்றியதும் அவ்வாறே. நிலத்திற் கால் ஊன்றுமுன்பே அடுத்த கைக்குப் பந்தை அனுப்பும் நோக்கம் அவருக்கு உண்டு. அன்றியும், எப்பந்தையும் தடுக்க முயல்வார் என்று எண்ணுவதும் தவறு. சிலவற்றை விட்டுவிடுவார். எதனைத் தடுப்பார், எதனை விடுவார் என்று அறியாது எதிரி தயங்குவான். அத்தயக்கத்திலேயே பல எறிவுகள் பாழாயின.

இவற்றைக் கணக்கிற் கொள்ளும் வழி அன்று இல்லை. தடுத்த பந்துகளை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்திலேதான். றசல் ஓய்வு பெற்றதோ 1969இல். அவர் வாழ்நாளிற் செய்த மிகப் பெரிய தொழிலுக்குக் குறிப்பேட்டில் ஒரு கட்டங்கூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. எண்ணப்படுவதே பெறுமதி என்று கருதுவாருக்கு இது நல்ல மருந்து. பரீட்சைப் புள்ளிகளை அன்றாடம் கூட்டிக் கழிக்கும் நம் போன்ற ஆசிரியருக்கும் இம்மருந்து இடைக்கிடை வேண்டியதே.

புள்ளி பெற இயலாதவர் ஆகையாற்றான் றசல் பிறவற்றைச் செய்தார் என்று நினைத்தலும் கூடாது. அதே 1962இல் கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரில் பொஸ்டனும் பிலடெல்பியாவும் மோதின. ஏழாவது ஆட்டம் வரை சென்றது தொடர். நூறு புள்ளி பெற்ற மனிதர் அந்த ஏழாவது ஆட்டத்தில் 22 புள்ளிகளுடன் நிறுத்தப்பட்டார். கடைசி இரண்டு நொடிகள் எஞ்சியிருக்கையிற் சாம் ஜோன்ஸ் எறிந்த பந்து கூடையில் விழப் பொஸ்டன் 109–107 என்று வென்றது. அடுத்து லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கழகத்தோடு இறுதித் தொடர். அதுவும் ஏழாவது ஆட்டத்துக்குச் சென்று, அதிலும் நேரம் நீடிக்கப்பட்டு, 110–107 என்று முடிந்தது. அன்று றசல் பெற்ற புள்ளி 30, மீள்பந்து 40. புள்ளி வேண்டியிருந்த நாளிற் புள்ளியும் வந்தது என்க.

சேம்பர்லேனுக்கு இங்கே நீதி செய்ய வேண்டும். ‘தன்னலக்காரர்’ என்று அவரை ஏசியவர் பலர். அவ்வேச்சை நாம் ஏற்கவில்லை. அப்பருவத்தில் அவருடைய பயிற்றுநராயிருந்த பிராங் மக்குவயர், கழகம் வெல்வதற்கு இவர் ஐம்பது புள்ளி பெறுவதே வழி என்று கருதி, அவ்வாறே ஆடுமாறு கேட்டுக்கொண்டார். இட்ட பணியை அவர் செய்து முடித்தார். பொஸ்டன் கழகத்தில் றசலைச் சூழ்ந்து நின்றவரோ பொப் கூசி, சாம் ஜோன்ஸ், ரொம் ஹைன்சன் முதலிய பெருவீரர். சாம் ஜோன்ஸின் அந்த எறிவு ஓரங்குலம் விலகியிருப்பின் இவ்வரலாற்றை வேறு விதமாக எழுதியிருப்பார்கள் என்பாரும் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் ஒருமுறை நிகழ்ந்ததைத் தற்செயல் எனலாம்; தொடர்ந்து நிகழ்ந்ததை என்னென்பது? 1960 நவம்பர் 24இல் றசலை எதிர்த்து ஆடிய சேம்பர்லேன் ஒரே ஆட்டத்தில் 55 மீள்பந்துகளைக் கைப்பற்றினார். அதுவும் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. அந்த ஆட்டத்தில் வென்றது பொஸ்டன், 132–129. இறுதிச் சுற்றுத் தொடர்களில் இருவரும் எட்டு முறை சந்தித்தனர். ஏழில் வென்றது றசலின் கழகம்.

ஒன்றிற் பேராற்றல் உடையவனை மற்றவர் எவ்வாறு எதிர்கொள்வர் என்பதையும் இவ்வாட்டத்தின் வரலாறு நன்கு காட்டுகின்றது. எதிரி சூழ்ந்துகொள்வது ஒரு வழி. விதியையே மாற்றுவது இன்னொரு வழி. ஜோர்ஜ் மைக்கன் என்னும் நெடியவர் கூடையருகே நின்று புள்ளி குவித்ததைக் கண்டு, கூடைக்கு முன்னுள்ள தடைப் பகுதியின் அகலத்தை 1951இல் ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக்கினர். அப்பகுதிக்குள் தாக்கும் அணியினர் மூன்று நொடிக்கு மேல் நிற்றலாகாது. பின்னர் சேம்பர்லேன் வந்தார். 1964இல் அது பதினாறடியாயிற்று. ஓரிடத்தில் மாத்திரம் வல்லவனை அவ்விடத்திலிருந்து அகற்றினாற் போதும். றொபேட்சனுக்கும் றசலுக்கும் எதிராக எவரால் என்ன விதியை வகுக்க முடியும்? களம் முழுவதையும் அகற்றினால் அன்றோ அது கூடும்!

சேம்பர்லேனின் வாழ்க்கையிலே நாம் மிகவும் மதிக்கும் பகுதி 1966இல் தொடங்குகின்றது. அப்போது அவர் பிலடெல்பியாவின் வேறொரு கழகமான செவன்ரி சிக்ஸேர்ஸில் ஆடினார். பயிற்றுநர் அலெக்ஸ் ஹனம், கூடையை நோக்கி எறிவதைக் குறைத்துப் பந்தைப் பகிருமாறு அவரை வேண்டினார். முப்பது வயதில், உலகமே புகழ்ந்த பழக்கமொன்றைக் கைவிடுதல் எளிதா? அவர் கைவிட்டார். சராசரிப் புள்ளி 24.1 ஆக இறங்கியது. உதவி 7.8 ஆக உயர்ந்தது. எறிந்த நூறு பந்துகளில் அறுபத்தெட்டு கூடையில் விழுந்தன. கழகம் 68 ஆட்டங்களில் வென்று 13இலேயே தோற்றது. எட்டாண்டுகள் இடைவிடாது கிண்ணம் வென்ற பொஸ்டனை 4–1 என்று வீழ்த்தி, முடிவில் வாகையும் சூடியது.

இக்கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! முடியவில்லை. அடுத்த பருவத்தில் அவர் உதவித் துறையிலும் முதல்வராகத் துணிந்தார். 702 உதவிகள் செய்து கழகங்கள் அனைத்திலும் முதலிடம் பெற்றார். நடு ஆட்டக்காரர் ஒருவர் அவ்விடம் பெற்றது வியத்தகு செயலே. ஆயினும் 1968இன் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் 3–1 என்று முந்தி நின்ற பிலடெல்பியா அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஏழாவது ஆட்டத்தின் முடிவு 100–96. அந்த ஆட்டத்தின் பிற்பாதியிற் சேம்பர்லேன் கூடையை நோக்கி எறிய முயன்றது இரண்டே முறை. பந்தைக் கொடுத்துக்கொண்டேயிருந்தார். சகாக்களின் எறிவுகள் விழாத இரவு அது. ஐம்பது புள்ளி பெற வல்லவர் ஐந்து புள்ளி பெற முயன்றிருந்தாற் போதுமாயிருந்தது. முன்பு புள்ளியே குறியாயிருந்தவருக்கு இப்போது உதவியே குறியாயிற்று. பன்முக ஆற்றல் என்பது பல துறைகளில் எண் சேர்ப்பது என்று கொண்டால் 1968இன் சேம்பர்லேனைக் குறைகூற இடமேயில்லை. ஆகவே அது வேறொன்று.

நம் முன்னோர் அவதானிகளைப் போற்றினர். எட்டு வினைகளில் ஒருங்கே கருத்தைச் செலுத்துபவர் அட்டாவதானி. நூறில் செலுத்துபவர் சதாவதானி. யாழ்ப்பாணத்துப் புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளையவர்களை இன்றும் சதாவதானி என்றே அழைக்கின்றோம். அவையிலே ஒருவர் இலக்கண வினா எழுப்புவார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் முதுகிற் சிறு கல்லை எறிந்துகொண்டிருப்பார், அதன் தொகையையும் சொல்ல வேண்டும். அவதானிக்குப் பல கலைகள் தெரிந்திருந்தாற் போதாது. கணக்குக் கேட்டவருக்கு வெண்பாவை விடையாகக் கூறினால் அவை நகைக்கும். எவ்வேளையில் எது கேட்கப்படுகின்றதோ அவ்வேளையில் அதனைக் கொடுத்தலே அவதானம். கூடைப்பந்தாட்டத்திலும் பன்முக ஆற்றலென்று நாம் போற்றுவது இதனையே.

இவ்வளவுகோலை வைத்துப் பிற்காலத்தவரையும் நோக்கலாம். றொபேட்சனுக்குப் பின் மூன்று துறைகளிலும் பத்தைத் தாண்டிய இரண்டாமவர் ஒக்லஹோமா நகரக் கழகத்தின் றசல் வெஸ்ற்புறூக். 2016-17 பருவத்தில் 31.6 புள்ளி, 10.7 மீள்பந்து, 10.4 உதவி என்பன அவர் சராசரி. மிகப் பெறுமதி வாய்ந்த வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. கழகமோ இறுதிச் சுற்றுகளின் முதற்றொடரிலேயே ஹூஸ்ரனிடம் 4–1 என்று தோற்று வெளியேறியது. அவருடைய உழைப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. பத்துக்குப் பத்து என்று கட்டங்களை நிரப்புவதும் ஒருவகை ஒற்றை நோக்கமாகிவிடலாம் என்பதற்கே இதைக் காட்டினோம். 1962இல் றொபேட்சனின் கழகமும் முதற்றொடரில் டெற்றொயிற்றிடம் தோற்றதே. அவர் வாகை சூடியது 1971இல், மில்வோக்கி நகரில், பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்ட நெடியவரின் பக்கத்துணையாக நின்றபோதே.

அந்த ஜபாரைக் கொண்டே நமக்கு மிக விருப்பமான இன்னொரு கதை வருகின்றது. 1980இல் அவர் லேக்கர்ஸ் கழகத்தின் நடு ஆட்டக்காரர். அவ்வாண்டின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரரும் அவரே. பிலடெல்பியாவோடு நடந்த இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்திற் கணுக்கால் சுளுக்கியும் 40 புள்ளி பெற்றுக் கழகத்தை வெல்லவைத்தார். ஆறாவது ஆட்டத்துக்கு அவரால் பயணஞ் செய்யவே இயலவில்லை. தூண் சாய்ந்தால் மண்டபம் என்னாகும்? மே 16ஆந் திகதி, பிலடெல்பியாவில், நடு ஆட்டக்காரரின் இடத்தில் வந்து நின்றவர் மஜிக் ஜோன்சன் என்னும் இருபது வயது இளைஞர். அது அவருக்கு முதற் பருவம். உயரம் ஆறடி ஒன்பதங்குலம். ஆயினும் அவர் வழக்கமாகச் செய்தது பந்தைத் தட்டிச் சென்று ஆட்டத்தை நடத்தும் பின்வரிசைத் தொழில், சாதாரணமாக அணியிற் குள்ளமானவருக்கு உரியது. அன்று அவர் கூடையருகேயும் ஆடினார், புறத்தேயும் ஆடினார், பந்தையும் நடத்தினார். 42 புள்ளி, 15 மீள்பந்து, 7 உதவி. 14 தண்ட எறிவுகளில் ஒன்றேனும் தவறவில்லை. லேக்கர்ஸ் 123, பிலடெல்பியா 107. ஜபாருக்குப் பதிலாக இன்னொரு ஜபார் கிடைத்திருக்க மாட்டார். எவ்விடத்திலும் நிற்கத் தெரிந்த ஒருவர் இருந்தமையாற் கழகம் பிழைத்தது.

நம் காலத்தில் இவ்வழியில் நிற்பவர் சேர்பியா நாட்டின் சொம்போர் நகரத்தைச் சேர்ந்த நிக்கொலா யொக்கிச். 2014இல் கழகங்கள் இளம் வீரரைத் தெரிந்தபோது நாற்பத்தோராவது ஆளாகவே டென்வர் கழகம் அவரை எடுத்தது. அவர் பெயர் வாசிக்கப்பட்ட வேளையில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததாம்! உயரத் தாவவும் மாட்டார். விரைந்து ஓடவும் மாட்டார். 2023இன் இறுதிச் சுற்றுகளில் மொத்தப் புள்ளி, மொத்த மீள்பந்து, மொத்த உதவி ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்ற முதல் வீரர் அவரே. டென்வர் கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக வாகை சூடியதும் அவ்வாண்டிலேதான்.

நம் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டத்துக்கு இவ்வாதம் முழுவதும் பொருந்துமா என்று வாசகர் ஒருவர் கேட்கலாம். பொருந்தாது. வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்திற் பிறந்ததாயினும், எழுவரும் நிற்கத்தகும் எல்லைகளை அதன் விதியே வகுத்து, அவரவர் தொழிலை மார்பிலும் எழுதிவிடுகின்றது; இருவருக்கே வலையை நோக்கி எறியும் உரிமை. அங்கே ஒன்றில் வல்லவருக்கு உரிய மதிப்பு வேறு. ஆறடி பத்தங்குல உயரமுள்ள நம் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் எறிவு வட்டத்துள் நின்று இலங்கைக்குத் தேடித் தந்த புகழை யார் மறப்பர்? 2018இல் ஆசிய வாகை நமக்கு வந்தபோது அவ்வணியில் அவர் இருந்தார். கூடைப்பந்தாட்டத்திலோ மார்பில் எழுத்தில்லை, எவரும் எங்கும் செல்லலாம், எவரும் எறியலாம். அவ்விடுதலையே ஒருவனிடமிருந்து பலவற்றை வேண்டுகின்றது.

நம் பாடசாலை மைதானங்களில் இது மறக்கப்படுவது நமக்கு வருத்தந் தருகின்றது. பதின்மூன்று வயதில் ஒரு பையன் மற்றவரினும் ஒரு சாண் உயர்ந்துவிட்டால் அவன் விதி முடிவாகிவிடும். கூடையின் கீழே நிறுத்தி, கையை உயர்த்து, வருவதைப் பிடி, போடு என்று மட்டுஞ் சொல்வர். பந்தைத் தட்டிச் செல்ல முயன்றால் அதட்டுவர்; தூரத்திலிருந்து எறிந்தால் வெளியே அமர்த்துவர். அடுத்த கிண்ணம் பாடசாலைக்கு வரும், ஐயமில்லை. பதினெட்டு வயதில் மற்றப் பையன்களும் அவனளவு உயர்ந்துவிடுவார்கள். அப்போது அவன் கையில் எஞ்சுவது யாது? பந்தைத் தட்டத் தெரியாது, கொடுக்கத் தெரியாது, மற்றவன் எங்கே ஓடுவான் என்று பார்க்கும் கண்ணும் பழகவில்லை. பலர் அத்தோடு ஆட்டத்தையே விட்டுவிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். இதற்கு மறுதலையான ஒருவர் சிக்காகோவின் அந்தனி டேவிஸ். பள்ளியிற் சேர்ந்த காலத்தில் அவர் உயரம் ஏறத்தாழ ஆறடி இரண்டங்குலம். பின்வரிசையில் நின்று பந்தை நடத்தப் பழகினார். பள்ளியை விடுவதற்குள் ஆறடி பத்தங்குலமாக வளர்ந்தார். சிறுவனாகக் கற்ற கைத்திறன் நெடிய உடம்போடு சேர்ந்தது. 2012இல் கழகங்கள் தெரிந்த இளம் வீரருள் முதல்வர் அவரே. நெடிய பிள்ளையின் பெற்றோர் பயிற்றுநரிடம் கேட்க வேண்டியது, பிள்ளை எத்தனை புள்ளி பெற்றான் என்பதன்று. இம்மாதம் புதிதாக எதனைக் கற்றான் என்பதே.

சேம்பர்லேனின் கதையை 1968இல் விட்டு வந்தோம், அதை முடித்துவிடுவோம். அவ்வாண்டிலேயே அவர் லேக்கர்ஸ் கழகத்துக்குச் சென்றார். 1969இல் அங்கும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் றசலிடம் இரண்டு புள்ளியால் தோற்றார். அத்தோடு றசல் ஓய்வு பெற்றார். பதின்மூன்று பருவங்களிற் பதினொரு கிண்ணங்கள். 1971இற் பில் ஷார்மன் என்பவர் லேக்கர்ஸின் பயிற்றுநரானார். றசலோடு பொஸ்டனில் ஆடியவர் அவர். முப்பத்தைந்து வயதான சேம்பர்லேனிடம் அவர் கேட்டது இது: புள்ளியை மற்றவருக்கு விடுங்கள், நீங்கள் தடுங்கள், மீள்பந்தைப் பற்றுங்கள், பற்றியதும் ஓடுகின்றவனுக்கு அனுப்புங்கள். றசல் செய்த தொழிலையே கேட்டார் என்க. சேம்பர்லேன் இசைந்தார். அப்பருவத்தில் அவர் சராசரிப் புள்ளி 14.8; பத்தாண்டுகளுக்கு முன் 50.4 பெற்ற அதே மனிதர். கழகம் தொடர்ச்சியாக 33 ஆட்டங்களில் வென்றது; அச்சாதனையை இன்றும் எவரும் முறியடிக்கவில்லை. 1972இன் இறுதித் தொடரில் எதிரே நின்றது ஹேர்ஷியில் அவரிடம் நூறு புள்ளி வாங்கிய அதே நியூ யோர்க் கழகம். வலக்கையிற் காயத்தோடு கடைசி ஆட்டத்தில் ஆடி, 24 புள்ளியும் 29 மீள்பந்தும் பெற்று, 4–1 என்று தொடரை வெல்லச் செய்தார். இறுதித் தொடரின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரர் விருது அவருக்கே வழங்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு தொடக்கம் அவ்விருது பில் றசலின் பெயரால் வழங்கப்பட்டு வருகின்றது.